ஐம்பதினாயிரம் பேரும் ஒரு தேசமும்

ஒரு ஜன சமூகம் தன்னைத் தேசம் என்று சொல்லிக்கொள்வதற்குக் குறைந்த பக்ஷம் எத்தனை பேர் வேண்டும்? கோடிக் கணக்கில் வேண்டும், குறைந்தது சில லக்ஷமாவது வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். பூகோள வகுப்பில் மாணவன் ஒருவன் ஒரு நாள் எழுந்து நின்று இக்கேள்வியை நம்மிடமே கேட்டுவிட்டான். பதில் சொல்லாமல் அவனைத் தேசப்படத்தின் அருகே அழைத்து, அதன் மேல் மூலையில் தனியாகக் கிடக்கும் ஒரு தீவைக் காட்டினோம். அது ஐஸ்லாந்து. அன்று நேரம் போதாமையால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டும் தொடாமலும் கிடக்கிறது அத்தீவு. பரப்பு சுமார் 40,000 சதுர மைல். நடுவிலே பனிக்கட்டி மூடிய பீடபூமி, ஆங்காங்கே எரிமலை. மரங்கள் அரிது, தானியம் விளைவது அதைவிட அரிது. விளைவதெல்லாம் புல், புல்லைத் தின்று ஆடும் மாடும் வாழும், அவற்றைக் கொண்டு மனிதர் வாழ வேண்டும். கரையைச் சுற்றிலும் மட்டும் கடல், மீனை வாரி வழங்குகிறது. இன்று அங்கே இருப்பவர்கள் நாலு லக்ஷத்துக்குச் சற்றுக் குறைவான ஜனங்கள். அதுவும் அண்மையில் ஏறிய தொகைதான். ஏழெட்டு நூற்றாண்டு காலம் அவர்களுடைய எண்ணிக்கை ஐம்பதினாயிரத்தைச் சுற்றியே ஊசலாடிக் கொண்டிருந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அங்கு மனிதர் நிலையாகக் குடியேறினர். இங்கோல்வ் ஆர்னர்ஸன் என்பவர் 874-ல் முதலில் வீடு கட்டினார் என்பது அவர்களுடைய மரபு. ஆண்களில் பெரும்பாலோர் நார்வேயிலிருந்து வந்தவர்கள். பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தவர் என்று சமீப காலத்து மரபணு ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அப்பெண்களில் பலர் அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள். வீரக் கதைகள் கப்பலோட்டி வந்த ஆண்களைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. இந்த ஸ்திரீகளில் மிகச் சிலருடைய பெயரே நமக்குக் கிடைத்திருக்கிறது. 930-ல் அக்குடியேறிகள் திங்வெட்லிர் என்னும் பாறைச் சமவெளியில் கூடி, 'ஆல்திங்கி' என்ற பொதுச் சபையை ஏற்படுத்தினார்கள். ராஜா இல்லாமலே மூன்று நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் சட்டம் வகுத்து வாழ்ந்தனர்.

முதன்முதல் அங்கே தலைக்கணக்கு எடுத்தவர் ஒரு பாதிரியார். கிஸ்ஸுர் என்ற பிஷப், பதினோராம் நூற்றாண்டின் கடைசியில், சபை வரி செலுத்தத் தக்க குடியானவர்களை எண்ணச் செய்தார். அந்த எண்ணிக்கையை ஆரி என்னும் பண்டிதர் தம்முடைய சரித்திர நூலில் குறித்து வைத்தார். கிழக்குப் பகுதியில் ஏழு நூறு, தெற்கே பத்து நூறு, மேற்கே ஒன்பது நூறு, வடக்கே பன்னிரண்டு நூறு. கூட்டினால் முப்பத்தெட்டு நூறு. அது மூவாயிரத்து எண்ணூறுதானே என்று அவசரப்பட வேண்டாம். அக்காலத்து வடநாட்டாரின் நூறு என்பது நமது நூறு அல்ல. அது 120 கொண்ட 'நெடு நூறு'. ஆகவே மொத்தம் 4,560 குடியானவர்கள். வரி கொடுக்க வசதியில்லாத வீட்டாரையும், பெண்டு பிள்ளைகளையும், வேலையாட்களையும் சேர்த்து, அன்றைய ஜனத்தொகை ஐம்பதினாயிரத்தை ஒட்டியாவது இருக்கும் என்று ஊகிக்கிறார்கள்.

அந்தத் தொகை ஏன் வளரவில்லை என்பதே கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு பண்ணையில் விளையும் வைக்கோலுக்குத் தக்கபடிதான் மாடுகளைக் குளிர்காலத்தில் காப்பாற்ற முடியும். மாடுகளுக்குத் தக்கபடிதான் மனிதர். பண்ணை ஒன்று கைக்கு வந்தாலன்றி ஒருவன் கல்யாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துவது கடினம். நிலமில்லாதவன் எவனும் ஏதாவது ஒரு பண்ணையில் வருஷக் கணக்கில் வேலையாளாக இருந்தே தீர வேண்டும் என்று ஒரு பழைய சட்டமும் இருந்தது. 1894-ல்தான் அக்கட்டு தளர்ந்தது. ஆகையால் ஆணும் பெண்ணும் முப்பது வயதுக்கு மேல் மணம் செய்வதும், மணமே இல்லாமல் முதுமை அடைவதும் அங்கே சாதாரணமாக இருந்தன. இவற்றோடு கொள்ளை நோய்களும் வந்தன. 1402-ல் கரையிறங்கிய பிளேக், இரண்டு வருஷத்துக்குள் ஜனங்களில் பாதிப் பேரை வாரிக்கொண்டு போனதாகச் சொல்லுகிறார்கள். 1494-ல் மறுபடியும் அது வந்தது.

இதற்குள் சுதந்திரமும் போயிருந்தது. தலைவர்கள் ஒருவரோடொருவர் சண்டையிட்டு ஓய்ந்து, 1262 முதல் 1264 வரை நார்வே ராஜாவுக்கு அடங்கினார்கள். நார்வேயோடு சேர்ந்து, அவர்கள் டென்மார்க் ராஜாவின் கைக்கு மாறினர். 1602-ல் டேனிஷ் அரசர் நாலாவது கிறிஸ்டியன், ஐஸ்லாந்தின் வியாபாரம் முழுவதையும் தம் நாட்டு வர்த்தகர்களுக்கே ஏகபோகமாகக் கொடுத்துவிட்டார். விலை அவர்கள் வைத்ததே. எந்த ஊரார் எந்தத் துறையில் விற்பது என்பதற்கும் விதி உண்டு. 1699-ல் ஓர் ஏழைக் குடியானவன் சில மீன்களைத் தனக்கு விதிக்கப்பட்ட துறையில் விற்காமல் அடுத்த துறையில் விற்றுவிட்டான். அந்தக் குற்றத்துக்காக அவனைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்தார்கள். ஏகபோகம் 1787 வரை நீடித்தது.

அதே நாலாவது கிறிஸ்டியனுடைய கப்பல்கள்தான் நமது தரங்கம்பாடிக்கும் வந்தன. 1620-ல் டேனிஷ்காரர் அங்கு கோட்டை கட்டிய சில வருஷங்களுக்குள், யோன் ஓலாவ்ஸன் என்ற ஐஸ்லாந்துக்காரர் ஒருவர் பீரங்கிக்காரராக அக்கோட்டையில் வேலை பார்த்தார். வெடிமருந்து வெடித்து உடம்பில் காயம் பட்டுத் தம் ஊர் திரும்பிய அவர், முதுமையில் தம்முடைய அநுபவங்களைத் தாய்பாஷையில் எழுதி வைத்தார். ஊரார் அவருக்கு 'இந்தியா போன யோன்' என்று பெயரிட்டார்கள். பனிக்கட்டித் தேசத்தில் ஒரு குடிசையில் விளக்கடியில் உட்கார்ந்து ஒரு கிழவர் சோழமண்டலக் கரையின் வெயிலை வர்ணித்ததை எண்ணும்போது, நமக்கு ஏனோ அந்தத் தீவு வெகு தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

இனி, 1703-ம் வருஷத்துக் கதைக்கு வருவோம்.

பதினேழாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் குளிர் மிகுந்து, புல் குறைந்து, பஞ்சம் பரவிற்று. முறையீடுகள் கோபன்ஹேகனுக்குச் சென்றன. தேசத்தின் உண்மை நிலையை அறிந்து வர அரசர் இருவரை நியமித்தார். இருவரும் ஐஸ்லாந்துக்காரர்களே: ஆர்னி மாக்னுஸன், பால் விதாலின். ஆர்னி பழைய ஏட்டுப் பிரதிகளைத் தேடித் திரட்டிய மகா பண்டிதர். தோல் ஏடு ஒன்று எந்தக் குடிசையில் கிழிந்து கிடந்தாலும் விலை கொடுத்து வாங்கிவிடுவார். இவ்விருவரும் தேசத்தார் எல்லாரையும், பேர் விடாமல், ஒவ்வொரு வீடாக எழுதச் செய்தனர். பெயர், வயது, வீட்டில் அவருடைய நிலை ஆகியவை குறிக்கப்பட்டன. வீடு வாசலின்றி அலைந்த பிச்சைக்காரர்களை என்ன செய்வது? ஈஸ்டர் பண்டிகைக்கு முந்திய இரவு எந்த வீட்டில் தலை சாய்த்தார்களோ, அந்த வீட்டுக் கணக்கில் அவர்களையும் எழுதும்படி உத்தரவாயிற்று.

வந்த தொகை 50,358. ஸ்திரீகள் 27,491, புருஷர்கள் 22,867. ஆண்களில் பலரைக் கடல் கொண்டுபோனது இவ்வித்தியாசத்துக்கு ஒரு காரணம். ஒரு முழு தேசத்தின் ஜனங்களை ஒருவர் விடாமல் பெயரோடு எழுதிய குடிமதிப்பு, நமக்குக் கிடைத்துள்ளவற்றில் இதுவே முதலாவது. இங்கிலாந்தின் முதல் குடிமதிப்பு இதற்கு 98 வருஷம் பிற்பட்டது. அதிலும் பெரும்பாலும் எண்களே உண்டு, பெயர்கள் இல்லை. டென்மார்க்கே தன் சொந்தப் பிரஜைகளைப் பெயர் சொல்லி எண்ணியது 1787-ல்தான். ராஜாவின் பொக்கிஷத்துக்காக எடுத்த கணக்கு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் பிச்சைக்காரியின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிய கணக்கு அது.

அதை எழுதி நாலு வருஷம் ஆவதற்குள் அம்மை வந்தது. கப்பலில் இறந்துபோன ஒருவனுடைய துணிமணிப் பெட்டியோடு நோய் கரை சேர்ந்தது என்பது அந்நாட்டார் சொல்லும் கதை. அதற்கு முன் பெரிய அம்மை வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. எனவே அதற்குட்பட்ட வயதினர் யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லை. உழைக்கும் வயதிலிருந்த வாலிபரும் பெண்களுமே அதிகம் மடிந்தனர். 1707 முதல் 1709 வரை ஜனங்களில் நாலில் ஒரு பங்காவது போய்விட்டது. 1703-ம் வருஷத்துப் புஸ்தகத்தில் எழுதிய மை உலர்வதற்குள் அதன் பெரும்பகுதி இறந்தோர் ஜாபிதா ஆகிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

எண்பது வருஷத்தில் தட்டுத் தடுமாறிப் பழைய தொகையை எட்டிய சமயம், பூமி பிளந்தது. 1783-ம் வருஷம் ஜூன் 8-ந் தேதி, தென் திசையில் லாக்கி என்னும் இடத்தில் பதினைந்து மைல் நீளத்துக்கு வெடிப்புக் கண்டு, நூற்றுக்கு மேற்பட்ட வாய்களிலிருந்து நெருப்புக் குழம்பு எட்டு மாதம் ஓடிற்று. நெருப்பினால் இறந்தவர்கள் என்று சொல்லத் தக்கவர் இல்லை. கொன்றது புகை. அதிலிருந்த விஷம் புல்லில் படிந்தது. புல்லைத் தின்ற கால்நடைகளுக்கு எலும்பும் பல்லும் வீங்கின. ஆடுகளில் நாலில் மூன்று பங்கும், மாடுகளில் பாதியும் செத்தன. பிறகு மனிதர் முறை. தோலையும் கயிற்றையும் வேகவைத்துத் தின்றார்கள். சுமார் ஐந்தில் ஒருவர் மாண்டார். ஜனத்தொகை நாற்பதினாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த வருஷங்களை ஐஸ்லாந்துக்காரர் 'மூடுபனித் துன்பம்' என்று அழைக்கிறார்கள்.

அக்காலத்தில் அப்பிரதேசத்துப் பாதிரியாராக இருந்தவர் யோன் ஸ்டெய்ன்கிரிம்ஸன். ஜூலை 20-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, குழம்பு கோயிலை நோக்கி வந்து கொண்டிருந்தபோது, ஊராரை உள்ளே வைத்துப் பிரசங்கம் செய்தார். வெளியே வந்து பார்த்தால் குழம்பு நின்றுவிட்டிருந்தது. இந்தப் பிரசங்கத்தினால் அவருக்குப் புகழ் வந்தது. அவர் செய்த வேறொரு காரியம்தான் நமக்குப் பெரிதாகப் படுகிறது. அவருடைய ஜில்லாவுக்கான நிவாரணப் பணத்தை முத்திரை வைத்து அவரிடம் கொடுத்து அனுப்பினார்கள். வழியெல்லாம் பட்டினி கிடந்த குடியானவர்களைக் கண்டு, மேலதிகாரியிடம் சேர்ப்பதற்கு முன்பே அதில் ஒரு பகுதியை எடுத்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். விதியை மீறினார் என்று அவருக்கு அபராதம் விதித்தார்கள். பலர் முன்னிலையில் மன்னிப்பும் கேட்கச் செய்தார்கள்.

எஞ்சிய ஜனங்கள் அனைவரையும் டென்மார்க்குக்கே கொண்டுபோய்க் குடியேற்றிவிடுவதென்று சர்க்கார் யோசித்ததாகப் பின்னாளில் ஒரு கதை வழங்கிற்று. அது மிகைப்பட்டது, திக்கற்ற ஏழைகள் சிலரை அப்புறப்படுத்துவது பற்றிய ஆலோசனையே இருந்தது. ஆனால் அக்கதையை ஜனங்கள் நம்பினார்கள் என்பதே அன்றைய நிலையைக் காட்டுகிறது. 1800-ல் ஆல்திங்கி சபையும் எடுபட்டது. 1801-ம் வருஷத்துக் கணக்கு 47,240. நூறு வருஷத்தில் தேசம் மூவாயிரம் பேரை இழந்திருந்தது.

இதற்குப் பின் நடந்ததுதான் ஆச்சரியம். போர் இல்லை, புரட்சி இல்லை; தாய்மார்களும் மருத்துவச்சிகளும் கணக்குப் போடத் தெரிந்த ஒரு மனிதரும் அந்தத் தேசத்தைத் தூக்கி நிறுத்தினார்கள்.

முதலில் குழந்தைகள் விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்கூட, பிறந்த சிசுக்களில் நாலில் ஒன்று, கெட்ட வருஷங்களில் மூன்றில் ஒன்று, முதல் ஆண்டு நிறைவைக் காணவில்லை. அங்கே பெண்கள் பலர் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதில்லை. பசுவின் பாலே உயர்ந்தது என்ற தவறான எண்ணம். தெற்கேயுள்ள வெஸ்ட்மன்னா தீவுகளில் நிலைமை இன்னும் கோரம். பிறந்து இரண்டு வாரத்துக்குள் இசிவு கண்டு பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்துவிடும். தாய்மார் இதை விதி என்று ஏற்றிருந்தனர். 1847-ல் ஷ்லைஸ்னர் என்ற டேனிஷ் வைத்தியர் அங்கு வந்து, பிரசவ விடுதி ஒன்று ஏற்படுத்தி, சுத்தத்தை வற்புறுத்தி, தொப்புளில் ஒரு தைலம் தடவச் செய்தார். சில வருஷத்துக்குள் அந்த இசிவு அற்றுவிட்டது. ஆண்ட ஜாதியார் செய்த நன்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமல்லவா? பிறகு பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் கிராமம் கிராமமாகச் சென்றனர். இன்று ஐஸ்லாந்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் வருஷத்துக்குள் இறப்பவை இரண்டு அல்லது மூன்றுதான்.

கணக்குப் போட்ட மனிதர் யோன் சிகுர்த்ஸன். 1811-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி பிறந்தவர். ஆர்னி சேர்த்து வைத்த ஏடுகளைக் கோபன்ஹேகனில் இருந்து ஆராய்ந்தவர். 1845-ல் மறுபடியும் கூடிய ஆல்திங்கியில் அவரும் ஓர் அங்கத்தினராக விளங்கினார். 1851-ல் ஐஸ்லாந்தின் வருங்கால ஏற்பாட்டைப் பற்றி முடிவு செய்ய ஒரு தேசிய மகாநாடு கூடிற்று. பிரதிநிதிகள் தமக்கு இணங்கமாட்டார்கள் என்று கண்ட டேனிஷ் அதிகாரி, ராஜாவின் பெயரால் கூட்டத்தைக் கலைத்தார். யோன் எழுந்து ஆக்ஷேபித்தார். உடனே பிரதிநிதிகள், "நாங்கள் எல்லோரும் ஆக்ஷேபிக்கிறோம்!" என்று ஒரே குரலாக எழுந்தார்கள். அப்போது அவர்கள் பிரதிநிதிகளாக நின்ற தேசத்தின் ஜனத்தொகை அறுபதினாயிரத்தை எட்டவில்லை.

டேனிஷ் வாதம் எல்லா ஆளுவோரும் சொல்வதுதான்: ஐஸ்லாந்தினால் எங்களுக்கு நஷ்டமே. யோன் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டி, விற்கப்பட்ட கோயில் நிலங்களின் மதிப்பையும் ஏகபோகத்தில் போன லாபத்தையும் கூட்டி, டென்மார்க்தான் ஐஸ்லாந்துக்குக் கடன்பட்டிருக்கிறது என்று 1862-ல் கணக்குக் காட்டினார். தாதாபாய் நௌரோஜி நமது தேசத்துக்காகப் போட்ட கணக்கை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அவர்கள் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 1874-ல் அரசியல் சாசனம் ஒன்று கிடைத்தது.

அதற்காக ஜனங்கள் உடனே செழித்துவிடவில்லை. 1875-ல் ஆஸ்க்யா எரிமலை கிழக்கே சாம்பல் பொழிந்தது. அக்காலம் தொடங்கி 1914 வரை சுமார் பதினையாயிரம் பேர் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். கனடாவில் வின்னிபெக் ஏரிக்கரையில் கிம்லி என்ற ஊரை உண்டாக்கினார்கள். அங்கும் முதல் வருஷத்திலேயே அம்மை தொடர்ந்து வந்தது. இத்தனை பேர் போயும் 1901-ல் தாய்நாட்டில் 78,470 பேர் இருந்தார்கள். படகுகளில் மோட்டார் வந்தது, மீன்பிடி தொழில் வளர்ந்தது. 1801-ல் முந்நூறு பேர் அளவில் இருந்த ரெய்க்யவிக், நகரமாயிற்று.

1918-ம் வருஷத்தின் கடைசி மூன்று மாதங்களைப் போல ஒரு தேசம் கண்டிருக்குமா என்பது சந்தேகம். அக்டோபரில் கட்லா எரிமலை கக்கிற்று. நவம்பரில் விஷஜுரம் ரெய்க்யவிக்கில் புகுந்து, தேசத்தில் ஐந்நூறு பேர் வரையில் கொன்றது. வடக்கிலும் கிழக்கிலும் ஜனங்கள் பாதைகளை அடைத்துக் காவல் வைத்துத் தப்பினர். டிசம்பர் 1-ந் தேதி, ஐஸ்லாந்து சுயாதிகாரமுள்ள ராஜ்யம் என்று டென்மார்க் ஒப்புக்கொண்ட சட்டம் அமலுக்கு வந்தது. அரசர் மட்டும் இரு நாட்டுக்கும் பொது. அன்று ஐஸ்லாந்தின் ஜனத்தொகை ஒரு லக்ஷத்துக்கும் குறைவு.

அரசரும் வேண்டாம் என்று தீர்மானித்தது 1944-ல். மே மாதத்தில் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் வாக்காளர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் வந்து வோட்டுப் போட்டார்கள். யோன் சிகுர்த்ஸன் பிறந்த நாளாகிய ஜூன் 17-ந் தேதி, கொட்டும் மழையில், பழைய திங்வெட்லிர் சமவெளியில் குடியரசு பிரகடனமாயிற்று. ஜெர்மானியர் பிடியில் அகப்பட்டிருந்த டென்மார்க்கிலிருந்து, பதவியிழந்த அரசரே வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

அப்போது ஒன்றேகால் லக்ஷமாக இருந்த தொகை இன்று மும்மடங்காகிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கினர் தலைநகரிலும் அதைச் சூழ்ந்தும் வசிக்கிறார்கள். 1960-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி நாலு குழந்தைக்கு மேல் பிறந்தது. 2023-க்குள் அது 1.6-க்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே இப்போது தொகை ஏறுவதற்கு முக்கிய காரணம், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருவோர். ஆறு பேரில் ஒருவருக்கு மேல் அப்படி வந்தவர்கள். அவர்களில் போலந்துக்காரர் பெருந்தொகையினர்.

ஐஸ்லாந்துக்காரருக்குக் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தகப்பனார் பெயரோடு 'மகன்', 'மகள்' என்று சேர்த்துக் கொள்வதே வழக்கம். அச்சிட்டு வந்த டெலிபோன் புஸ்தகத்தில்கூடச் சொந்தப் பெயரின் வரிசையில்தான் எழுதியிருந்தார்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு தன் பெயரை எழுதும் நமக்கு இது எளிதில் விளங்கும். 1703-ம் வருஷத்துப் புஸ்தகங்கள் ரெய்க்யவிக்கின் தேசியத் தஸ்தாவேஜுச் சாலையில் இருக்கின்றன. 2013-ல் அவற்றை ஐக்கிய நாடுகளின் கல்வி கலாசார ஸ்தாபனம் உலக ஞாபகப் பதிவில் சேர்த்துக்கொண்டது. அவற்றையும் கோயில் பதிவுகளையும் பிற்காலத்துக் குடிமதிப்புகளையும் இணைத்து ஏற்பட்ட வம்சாவளிக் களஞ்சியம் 2003 முதல் எல்லாக் குடிகளுக்கும் திறந்திருக்கிறது. அதற்கு ஆரியின் நூற்பெயரையே இட்டிருக்கிறார்கள். எந்த இரண்டு பேரும் தங்கள் பெயரைக் கொடுத்து, எத்தனையாவது தலைமுறையில் தாங்கள் உறவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக வந்தவர்களின் நிலை என்ன? நெடுநாள் வரை, அந்நியர் ஒருவர் ஐஸ்லாந்துப் பிரஜை ஆகவேண்டுமானால் ஐஸ்லாந்துப் பெயர் ஒன்றை ஏற்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. சிறிய பாஷையைக் காக்க அது அவசியம் என்றார்கள் ஒரு சாரார். தாய் தகப்பன் வைத்த பெயரைப் பறிப்பது எந்த நியாயம் என்றார்கள் மற்றவர். இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. ஆயினும் பறிப்பதற்கு நாம் உடன்பட மாட்டோம். 1996-ம் வருஷத்துச் சட்டத்தோடு அந்த நிர்ப்பந்தம் நீங்கிற்று. இப்போது ரெய்க்யவிக்கில் பிறக்கும் போலந்துக் குழந்தையின் பெயர், அதன் தகப்பன் வீட்டுப் பெயரோடேயே, தேசத்தின் குடிப் பதிவில் ஏறுகிறது.